எதிரே நிற்பது யார்?

கதைமாந்தரின் குணத்தை வளர்ப்பதும் திருத்துவதும் பற்றி, எழுத வந்திருக்கும் இளையவர்களுக்கு

தம்பி தங்கைகள் என்னிடம் கொண்டுவரும் கதைகளில் ஊர் நன்றாகவே இருக்கிறது. மட்டாஞ்சேரியின் சுக்கு வாசனை, படகுத்துறை, பள்ளிவாசல் வாங்கு, கோயில் மணி எல்லாம் வந்துவிடுகின்றன. ஆட்கள்தான் வருவதில்லை. முதல் பத்தியிலேயே 'அவன் முன்கோபி', 'அவள் பொறுமைசாலி' என்று தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது. மீதிப் பக்கங்களில் அவர்கள் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி சொல்லிக்கொண்டு நடக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒருவனுடைய குணம் அவனுக்கும் எதிரே நிற்பவருக்கும் நடுவில் உண்டாகிறது. எதிரே நிற்பவர் மாறினால் அவனும் மாறுகிறான். கீழே இருப்பவை அதை வைத்து வேலை செய்யும் வழிகள். வரிசைக்குப் பெரிய அர்த்தம் இல்லை, தோன்றியபடி எண் போட்டிருக்கிறேன்.

1. ஜாதகம் எழுதாதீர்கள். பட்டறைகளில் ஒரு படிவம் கொடுக்கிறார்களாம்: பாத்திரத்தின் பிறந்த தேதி, பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு, சின்ன வயதில் பட்ட காயம், பலம், பலவீனம். நிரப்பினால் படிவம் நிறையும், ஆள் வரமாட்டான்.

அதற்குப் பதிலாக பஜார் ரோட்டில் ஒரு மிளகுத் தரகரை மனதில் நிறுத்துங்கள். காலையில் குஜராத்தி சேட்டின் கடையில் உட்கார்ந்திருக்கிறார். குரல் இறங்கியிருக்கிறது. சேட் போன வாரம் சொன்ன அதே தமாஷுக்கு இன்றும் சிரிக்கிறார். பத்து மணிக்குக் குடோன் வாசலில் சுமட்டுத் தொழிலாளிகளோடு கூலித் தகராறு. அங்கே அவர் சட்டம் பேசுகிறார். மத்தியானம் வீட்டில், மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று மாமியாரிடம் சொல்லத் துணிச்சல் இல்லாமல் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொள்கிறார். இந்த மூவரில் அசல் தரகர் யார் என்று கேட்டால் பதில் கிடையாது. யூதத் தெருவில் மிளகுச் சந்தை கூவி விலை சொல்லும் முறையில் நடந்த காலத்தில், உள்ளே தொண்டை கிழியக் கத்தியவர்கள் வெளியே வந்ததும் யாரிடம் கத்தினார்களோ அவருக்கே சாயா வாங்கிக் கொடுப்பார்கள். இரண்டும் பொய்யில்லை.

ஆகவே மூன்று அரைப்பக்கம் எழுதுங்கள். உங்கள் ஆள் யாருக்குப் பயப்படுகிறானோ அவர் முன்னால் ஒன்று. அவனுக்குப் பயப்படுகிறவர் முன்னால் ஒன்று. யாரிடம் அவனால் பொய் சொல்ல முடியாதோ அவர் முன்னால் ஒன்று. மூன்றிலும் மாறாமல் வரும் சின்ன விஷயம் ஏதாவது தட்டுப்படும். கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது, அல்லது யாரிடமும் 'முடியாது' என்று நேராகச் சொல்லாமல் நழுவுவது. அது கிடைத்ததும் கதையைத் தொடங்கலாம். அரைப்பக்கங்கள் கதைக்குள் போக வேண்டியதில்லை.

2. இதை ஒரு நாவல் அளவுக்குச் செய்து காட்டியவர் சுந்தர ராமசாமி. 1981ல் வந்த 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலின் நாயகன் ஜோசப் ஜேம்ஸ் ஒரு மலையாள எழுத்தாளன். கால்பந்தும் ஆடியவன். 1960 ஜனவரியில், நாற்பது தொடுவதற்கு முன்னால் இறந்துபோகிறான். அப்படி ஒருவன் கேரளத்தில் பிறக்கவே இல்லை. நாடகாசிரியர் சி.ஜே. தாமஸின் சாயல் இருப்பதாக வெகுகாலமாகப் பேச்சு உண்டு. அவரும் 1960ல்தான் இறந்தார். சாயல் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு முக்கியமில்லை. ஆள் எப்படி உருவாகிறான் என்பதைப் பாருங்கள்.

பாலு என்ற தமிழ் இளைஞன் ஜே.ஜே.மேல் பித்துக்கொண்டு, அவனை அறிந்தவர்களைத் தேடிக் கேரளத்தில் அலைகிறான். ஒவ்வொருவரும் ஒரு ஜே.ஜே.யை எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒருவர் கொடுத்ததை அடுத்தவர் கலைக்கிறார். கொடுப்பவர்களின் பொறாமையும் பிரியமும் சேர்ந்தே வருகின்றன. பின்பகுதியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள் வருகின்றன. இனி சந்தேகமில்லை, அவன் குரலே கிடைத்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அவையும் அதுவரை நாம் கூட்டிச் சேர்த்த ஆளோடு முழுக்கப் பொருந்துவதில்லை. பொருந்தாமல் கிடக்கும் அந்த இடத்தில்தான் ஜே.ஜே. மூச்சு விடுகிறான்.

உங்கள் கதையில் மற்ற மூன்று பேரைக் கூப்பிட்டு நாயகனைப் பற்றி ஆளுக்கு ஐந்து வரி சொல்லச் சொல்லுங்கள். மூவரும் ஒரே மாதிரி சொன்னால் நீங்கள்தான் மூன்று குரலில் பேசியிருக்கிறீர்கள்.

3. 'கருமி', 'தாராளக்காரி', 'கபடன்' போன்ற சொற்களை முதல் படியில் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அடையாளம் வேண்டும். இரண்டாம் படியில் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். அடித்த பிறகு ஆள் காணாமல் போனால் அவன் முதலிலிருந்தே இல்லை.

4. கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் சாப்பா முறை இருந்தது. கப்பலில் சரக்கு ஏற்ற இறக்க ஆள் வேண்டும், ஆனால் இருக்கிற வேலையைப் போலப் பல மடங்கு ஆட்கள் வாசலில் நிற்பார்கள். மூப்பன் என்ற கங்காணி உலோக வில்லைகளை அந்தக் கூட்டத்துக்குள் வீசுவான். வில்லை யார் கையில் சிக்குகிறதோ அவனுக்கு அன்று வேலை. அதற்காக அடித்துக்கொள்வார்கள், மிதித்துக்கொள்வார்கள். இதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது, தொழிலாளிகள் செத்தார்கள். கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார். அவருடைய மகன் கோபன் சிதம்பரன் திரைக்கதை எழுதி, ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' 2023ல் திரைக்கு வந்தது.

கதை எழுதுகிறவனுக்கு இந்த வில்லை பெரிய கருவி. உங்கள் ஆளின் காலடியில் வில்லை விழுகிறது. பக்கத்தில் இருப்பவன் அதன்மேல் காலை வைத்துவிட்டான். அவன் வேறு யாரும் இல்லை, தங்கை புருஷன். இப்போது என்ன நடக்கிறது? 'அவன் மனம் போராடியது' என்று எழுதாதீர்கள். கை என்ன செய்தது, கால் என்ன செய்தது என்று எழுதுங்கள்.

அவசரப்பட்டுத் தள்ளிவிட்டவன் கெட்டவன், விட்டுக்கொடுத்தவன் நல்லவன் என்று போய்விடவும் வேண்டாம். தள்ளிவிட்டு வில்லையை எடுத்தவன் சாயங்காலம் கூலியில் பாதியைத் தங்கை வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பலாம். விட்டுக்கொடுத்தவன் வீட்டுக்கு வந்து காரணமில்லாமல் பிள்ளையை அடிக்கலாம். குணம் தெரிவது வில்லை விழுந்த நொடியில் பாதி, சாயங்காலம் பாதி. புதியவர்கள் முதல் பாதியோடு கதையை முடித்துவிடுகிறார்கள்.

மூப்பனையும் மறக்காதீர்கள். எந்தப் பக்கம் வீசுவது என்பதை அவன் கை தீர்மானிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வீசுகிறானா, ஒருவனைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே மறுபக்கம் வீசுகிறானா? அங்கே ஒரு முழு ஆள் இருக்கிறான்.

5. திருத்துவது என்று வந்தால் ஜெயகாந்தனிடம்தான் போக வேண்டும்.

1966ல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழை நாள், பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண், ஒரு பெரிய கார், அதில் முன்பின் தெரியாத ஒருவன். வீட்டுக்கு வந்து நடந்ததை அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள், அலறுகிறாள். அலறலைக் கேட்டு அக்கம்பக்கத்திலிருந்து என்ன என்று குரல் வருகிறது. அந்தக் கணத்தில் அம்மா சுதாரித்துக்கொண்டு எதையோ சொல்லிச் சமாளிக்கிறாள். பிறகு மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். அதோடு தீர்ந்தது, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லிவிடுகிறாள். கதைக்கு வந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமில்லை.

ஜெயகாந்தன் எதிர்ப்புக்குப் பதில் எழுதியதோடு நிற்கவில்லை. அந்த அம்மா சுதாரிக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அப்படிப் பிறந்தது. 1970ல் புத்தகமானது, 1972ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாவலில் அம்மா கனகம் போடும் கூச்சலில் விஷயம் வெளியே போய்விடுகிறது. அண்ணன் கணேசன் வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். ஆதரவு தருகிறேன் என்று வரும் வெங்கு மாமாவின் ஆதரவு எப்படிப்பட்டது என்று படித்தவர்களுக்குத் தெரியும். இதில் ஒரு விளையாட்டும் இருக்கிறது: அந்தச் சிறுகதையே நாவலுக்குள் வருகிறது, அதை எழுதிய ஆர்.கே.வி. என்ற எழுத்தாளரும் வருகிறார். தன்னுடையதைப் போன்ற கதையை, வேறு முடிவோடு, நாவலின் நாயகி கங்கா படிக்கிறாள்.

அதே மழை, அதே கார், அதே பெண். அவள்மேல் ஜெயகாந்தன் கை வைக்கவே இல்லை. அம்மாவின் ஒரு நிமிஷத்தை மாற்றினார். அதிலிருந்து முற்றிலும் வேறொருத்தி வளர்ந்து வந்தாள்: நல்ல உத்தியோகம், கூரான நாக்கு, யாரையும் அண்டவிடாத தனிமை, கடைசியில் அந்தக் கார்க்காரனையே தேடிப்போகும் பிடிவாதம். அவளை விட்டுவிடவும் ஆசிரியருக்கு மனம் வரவில்லை; 'கங்கை எங்கே போகிறாள்' என்று மூன்றாவதாகவும் தொடர்ந்தார்.

உங்கள் நாயகி உயிரில்லாமல் கிடக்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அவளுக்கு ஒரு துயரத்தைக் கூட்டுகிறீர்கள். அம்மாவைச் சாகடிக்கிறீர்கள், காதலனை ஓடவிடுகிறீர்கள். அதற்கு முன்னால், எதிரே நிற்பவர் அந்த நிமிஷத்தில் செய்ததை மாற்றிப் பாருங்கள். அப்பா கத்திய இடத்தில் சிரிக்கட்டும். சிநேகிதி அழைத்துப்போன இடத்தில் வராமல் இருந்துவிடட்டும். நாயகியின் ஒரு வரியைக்கூடத் தொடாமல் அடுத்த காட்சியை மறுபடி எழுதுங்கள். பல நேரம் அவள் தானாகவே வேறு மாதிரி பேசத் தொடங்குவாள்.

(சிறுகதையின் அம்மாதான் இரண்டிலும் பெரிய படைப்பு என்பது என் கட்சி. ஒரு பக்கத்துக்குள் அடித்து, அலறி, பொய் சொல்லி, தண்ணீர் ஊற்றி, எல்லாவற்றிலும் ஒரே ஆளாக நிற்கிறாள். கனகம் அவ்வளவு இல்லை. இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறைய.)

6. பிடிக்காத பாத்திரத்தைச் சரிபாருங்கள். டால்ஸ்டாய் 'அன்னா கரீனினா'வின் ஆரம்பப் படிகளில் நாயகியைக் கவர்ச்சியில்லாத, பக்குவமற்ற பெண்ணாக வைத்திருந்தார். பரிவெல்லாம் கணவன் பக்கம். கண்டிக்கத்தான் அவளை எடுத்திருப்பார் போலிருக்கிறது. படிக்குப் படி அன்னா உயர்ந்தாள், கணவன் இறுகினான். கண்டிக்க உட்கார்ந்தவர் அவள் பக்கம் போய் நின்றுவிட்டார். நீங்கள் வெறுக்கும் ஆளின் பக்கமிருந்து ஒரு பக்கம் எழுதிவிட்டு, கிழித்துப் போடுங்கள். பிறகு கதைக்குத் திரும்பினால் அவனை எழுதும் கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம் வேண்டும்.

7. மட்டாஞ்சேரியில் வளர்ந்தவன் ஒரே நாளில் மூன்று நான்கு பாஷை புழங்குவான். செரளாயியில் கொங்கணி, குஜராத்தி ரோட்டில் குஜராத்தி, கச்சி மேமன் வீடுகளில் கச்சி. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்து டோபிகானாவில் தமிழ். டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க வந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள். எல்லோருக்கும் பொதுவாக மலையாளம். இப்படிப்பட்ட ஊரை எழுதும்போது, வாசனைக்காக உரையாடலில் நாலு மலையாளச் சொல்லைத் தூவினால் போதும் என்று நினைக்கிறீர்கள். போதாது. உங்கள் ஆள் பணத்தை எந்தப் பாஷையில் எண்ணுகிறான்? கோபம் வந்தால் எந்தப் பாஷையில் திட்டுகிறான்? சாமியிடம் எதில் பேசுகிறான்? பெண்டாட்டியிடம் எதில், அவள் அண்ணன் வந்திருக்கும்போது எதில்? பாஷை மாறும் இடத்தில் எதிரே நிற்பவர் மாறியிருக்கிறார், அல்லது அவரோடு உள்ள உறவு மாறியிருக்கிறது. கதையின் முக்கியமான திருப்பத்தை அந்த இடத்தில் வைக்கலாம்.

இதற்குப் படிக்க வேண்டியவர் ஆ. மாதவன். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தார். கல்லாவில் உட்கார்ந்து பார்த்த ஆட்களை எழுதினார். 'கடைத்தெருக் கதைகள்' தொகுப்பைத் தேடிப் படியுங்கள். அந்தத் தமிழில் மலையாளம் ஊறியிருக்கும், எங்கும் துருத்தாது. தெருவில் கிடக்கும் சில்லறை ஆட்களைப் பற்றி எழுதும்போது இரக்கப்படவும் மாட்டார், ஒழுக்கம் போதிக்கவும் மாட்டார். கல்லாவில் இருப்பவருக்கு எதிரே நிற்கிறவரை அளந்துகொண்டே இருப்பதுதான் தொழில் என்பதாலோ என்னவோ.

8. சமூகத்துக்கு ஒருவர் என்று பிரதிநிதி அனுப்பாதீர்கள். இந்த ஊரை எழுதுகிறவர்கள் எல்லோரும் விழும் குழி இது. கதையில் ஒரு யூதப் பாட்டி, ஒரு கொங்கணிப் பூசாரி, ஒரு மாப்பிள்ளைப் படகுக்காரர், ஒரு ஆங்கிலோ இந்திய டீச்சர். நால்வரும் அவரவர் பண்டிகையைக் கொண்டாடி, அவரவர் பலகாரத்தைப் பரிமாறிக்கொள்வார்கள். சுற்றுலாத் துறைக்கு அனுப்பலாம்.

சல்மான் ருஷ்டி 1995ல் வந்த 'த மூர்ஸ் லாஸ்ட் சை' நாவலில் இதே தெருக்களை எடுத்துக்கொண்டார். மிளகு வியாபாரக் குடும்பத்தின் வாரிசு அரோரா, யூதத் தெருவிலிருந்து வந்து அவர்கள் குடோனில் வேலை பார்க்கும் ஆபிரகாம், மிளகு மூட்டைகளுக்கு நடுவில் காதல். ஆட்கள் எல்லோரும் ஊரைவிடப் பெரிய உருவங்கள். அது அவர் தெரிந்தே ஆடிய ஆட்டம்; அந்த வேகத்தில் நீங்களும் நானும் ஆடினால் கால் முறியும். அந்தப் பெரிய உருவங்களுக்கு நடுவே எனக்கு நிற்பவள் ஆபிரகாமின் அம்மா ஃப்ளோரி. ஜெபஆலயத்தைப் பராமரிப்பவள். மகன் எதிரே வரும்போது அவள் யூத சமூகத்தின் பிரதிநிதியாக இல்லை, மகனை இழந்துகொண்டிருக்கும் அம்மாவாக இருக்கிறாள்.

சாரா கோஹென் 2019 ஆகஸ்டில், 96 வயதில் காலமானார். யூதத் தெருவில் கைத்தையல் துணிக்கடை வைத்திருந்தார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அவரைப் படமெடுத்தது 'கடைசி யூதர்களில் ஒருவர்' என்பதற்காக. வயதான காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்டதும் கடையை நடத்தியதும் ஒரு முஸ்லிம் குடும்பம். இந்த மாதிரி இரண்டு பேரைக் கற்பனை செய்து கதை எழுதப்போனால், மத நல்லிணக்கம் என்ற பலகை உடனே வாசலில் வந்து தொங்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கேளுங்கள்: கடைச் சாவி ராத்திரி யாரிடம் இருக்கும்? விலை குறைத்துக் கொடுக்க யாருடைய சம்மதம் வேண்டும்? பாட்டி தூங்குகிற நேரத்தில் வரும் வாடிக்கையாளரிடம் அந்த ஆள் எப்படிப் பேசுகிறார், அவர் விழித்திருக்கும்போது எப்படி? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டால் பலகையில் எழுதியிருந்தது கதையில் தானாக வரும், அல்லது அதைவிடச் சிக்கலான ஏதோ வரும்.

9. எல்லாவற்றையும் காட்ட வேண்டாம். வைக்கம் முகம்மது பஷீரின் 'மதிலுகள்' கதையில் நாராயணி ஒரு முறைகூடக் கண்ணில் படுவதில்லை. பெண்கள் சிறையின் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். அவள் அங்கே இருக்கிறாள் என்பதற்கு அடையாளமாக ஒரு சுள்ளி மதிலுக்கு மேலே எழும்பி விழும். அவ்வளவுதான். அவள் முகம், உயரம், கூந்தல் எதுவும் நமக்குத் தெரியாது. ஆனால் அவள் எப்போது கொஞ்சுகிறாள், எப்போது பொய்க்கோபம் கொள்கிறாள், எதைக் கேட்டுவிட்டு மௌனமாகிறாள் என்று எல்லாம் தெரியும். அடூர் கோபாலகிருஷ்ணன் இதைப் படமாக எடுத்தபோதும் அவளைக் காட்டவில்லை, கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டும். முகவருணனைக்கு ஒரு பத்தி செலவிடப்போகும் முன் நாராயணியை நினைத்துக்கொள்ளுங்கள்.

10. வீழ்கிறவனைப் பார்த்து வாசகன் கைதட்டினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி ஊரையே காலடியில் வைத்திருக்கிறவர். அநியாயம் அதிகம். அவர் சரியும்போது நமக்குச் சந்தோஷம் வர வேண்டும், முழுசாக வருவதில்லை. தன் வீட்டுக்குள் அவர் யார் என்பதையும் மீரான் காட்டிவிட்டார்.

11. இனி திருத்தும் மேசை. மிளகு வாங்குகிறவர் ஒரு லிட்டர் அளவில் மிளகை நிரப்பி எடை போடுவார். 550 கிராம் நின்றால் நல்ல சரக்கு. குறைந்தால் உள்ளே பொக்கு இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்புதான். கதையிலும் ஒரு பக்கத்தை எடுத்து இப்படி நிறுத்துப் பாருங்கள்: இந்தப் பக்கத்தில் என் ஆள் இன்னொருவரிடம் ஏதாவது செய்தானா? கேட்டானா, மறைத்தானா, கொடுத்தானா, பிடுங்கினானா? ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நினைவுகளில் மூழ்கிய பக்கம் என்றால் பெரும்பாலும் பொக்கு.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திருத்தாதீர்கள். ஒரு முறை பேச்சை மட்டும் படியுங்கள், யார் பேசுகிறார் என்ற பெயரை விரலால் மறைத்துக்கொண்டு. மறைத்தாலும் யாரென்று தெரிய வேண்டும். இன்னொரு முறை அவன் ஒருவரிடம் சொல்லியதையும் மற்றவரிடம் சொல்லாமல் விட்டதையும் பாருங்கள். சொல்லாமல் விட்டது எதுவுமே இல்லையென்றால் அவன் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்கிறான்.

'இவன் இப்படிச் செய்யமாட்டானே' என்று படித்தவர் சொன்னால், அந்த இடத்திலேயே விளக்கம் எழுதி ஒட்டாதீர்கள். பத்துப் பக்கம் பின்னால் போங்கள். அங்கே யாரோ ஒருவர் முன்னால் அவன் இதைச் சின்ன அளவில் செய்திருக்க வேண்டும். பத்து ரூபாய் விஷயத்தில் பொய் சொன்னவனைப் பார்த்துவிட்டோம் என்றால் பத்தாயிரம் ரூபாய்ப் பொய்யை நம்புவோம்.

இரண்டு பேர் நாயகனிடம் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்றால், அதாவது இரண்டு சிநேகிதர்களும் புத்திதான் சொல்கிறார்கள் என்றால், ஒருவரை எடுத்துவிடுங்கள். வருத்தமாக இருக்கும். பெயரை வேறொரு கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

12. தெரிந்தவரை எழுதலாமா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். மட்டாஞ்சேரி சின்ன ஊர். சந்தில் திரும்பினால் உங்கள் பாத்திரம் எதிரே வரும். பெயரை மட்டும் மாற்றுவது திருத்தமே இல்லை. தொழிலை மாற்றுங்கள், வயதை மாற்றுங்கள், முடிந்தால் ஆணைப் பெண்ணாக்குங்கள். எதிரே நிற்பவர்களையும் மாற்றுங்கள். இவ்வளவு செய்த பிறகும் அந்த ஆளின் ஏதோ ஒன்று தங்கியிருந்தால் அதற்காகத்தான் நீங்கள் அவரை எழுத ஆசைப்பட்டிருக்கிறீர்கள். அவருடைய வியாதி, கடன், குடும்ப ரகசியம் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நாளைக்கும் அதே கடையில்தான் அரிசி வாங்க வேண்டும்.

13. எப்போது நிறுத்துவது? மறுபடியும் பஷீர். காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில் புத்தகக் கடை வைத்திருந்தவர். அவரிடம் இரண்டு பதில் இருக்கிறது. 1944ல் வந்த 'பால்யகாலசகி'யை முதலில் ஆங்கிலத்தில் விரிவாக எழுதத் தொடங்கி, பிறகு மலையாளத்தில் சின்னப் புத்தகமாகச் சுருக்கினார். மஜீதும் சுஹறாவும் அந்தச் சுருக்கத்தில்தான் கூர்மையானார்கள். 'பாத்துமாவின் ஆடு' நேர்மாறு. மனநலம் குன்றியிருந்து தேறிக்கொண்டிருந்த காலத்தில், 1954ல் எழுதினார். படியெடுத்துச் செப்பனிட்டு வெளியிட வேண்டும் என்று வைத்திருந்து, கடைசியில் திருத்தாமல் அப்படியே 1959ல் வெளியிட்டார். சொந்த வீட்டு ஆட்கள், அம்மா, தம்பிகள், நாத்தனார் சண்டை, எல்லாவற்றையும் தின்னும் ஆடு. வீடு நிறைய ஆட்கள், ஒவ்வொருவரும் பஷீரிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் கேட்பது மற்றவருக்குத் தெரியக்கூடாது. திருத்த வேண்டிய அவசியமே இல்லாமல் ஆட்கள் எல்லோரும் ஒருவர் எதிரே ஒருவர் நின்றுகொண்டுதான் பிறந்திருக்கிறார்கள்.

இரண்டில் உங்கள் கதை எது என்று உங்களுக்குத்தான் தெரியும். ஒரு அடையாளம் சொல்கிறேன். இரண்டு முறை அடித்து எழுதிய வரியை மூன்றாம் முறை பழையபடியே திரும்ப எழுதுகிறீர்கள் என்றால், பாத்திரம் உங்கள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. அந்தக் கட்டத்தில் கதையை என்னிடமும் கொண்டுவர வேண்டாம். நேராகப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.